சாயங்காலம் எங்கே இருப்பேள்?

என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கோஸ் வண்டி. பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுக் காலியாக நின்ற தள்ளுவண்டியில் என்னைத் தூக்கிப் போட்டு, என்னோடு கடை வாசலில் படுக்கிற இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போனார்களாம். எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லை. என் சட்டையில் ஒட்டியிருந்த கோஸ் இலையை ஒரு நர்ஸ் முகம் சுளித்துக்கொண்டு பிய்த்துப் போட்டதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. "இது பேஷண்டா, பொரியலா?" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் உடம்பில் தெம்பில்லை.

இதையெல்லாம் எழுதச் சொன்னது வேதவல்லி அம்மா. "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேளே, நடந்ததை அப்படியே எழுதுங்கோ. உங்களை மாதிரி தெருவிலே கிடக்கறவாளுக்கும், அவாளைப் பாத்துண்டு போறவாளுக்கும் தெரியட்டும். என்னைப் பத்தி மட்டும் எழுதாதேங்கோ" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியைக் கேட்டேன். இரண்டாவது பாதியைக் கேட்கிற உத்தேசம் இல்லை. அவரை எடுத்துவிட்டால் இதில் மிஞ்சுவது ஒரு குடிகாரனும் அவன் ஈரலும்தான். அதைப் படிக்க யாருக்கு என்ன தலையெழுத்து?

என் பெயர் மாணிக்கம். மர சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். கன்டோன்மென்ட் பங்களாக்களில் நான் தேய்த்துக் கொடுத்த மேஜையில் துரைசானிகள் முகம் பார்த்துப் பொட்டில்லாத நெற்றியில் முடியை ஒதுக்கிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் போய், நம்மவர்கள் வந்து, அவர்களுக்கும் மேஜை நாற்காலி வேண்டியிருந்ததால் வேலைக்குக் குறைவில்லை. குறைந்தது நான்தான். என் மனைவி பிரசவத்தில் போனாள், குழந்தையும் நிற்கவில்லை. அதற்கு முன்னால் சாயங்காலம் கொஞ்சம் குடிப்பேன். அதற்குப் பிறகு சாயங்காலம் எது, காலை எது என்கிற வித்தியாசம் போய்விட்டது. வாடகை அறை போயிற்று. ஜோகுபாளையத்தில் அக்கா அஞ்சலை வீட்டில் ஒண்டினேன். மாமா ஒருநாள் மில்லில் இருந்து வந்து பார்த்தபோது வீட்டில் இருந்த பித்தளைக் குடத்தைக் காணோம். அது எங்கே போயிருக்கும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. என் துணி மூட்டையை வாசலில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அப்புறம் மார்க்கெட் கடை வாசல்தான்.

வீடு இல்லாதவன் எதற்கு இப்படிக் குடிக்கிறான் என்று வீடு இருக்கிறவர்கள் கேட்பார்கள். மார்கழியில் பெங்களூர் சிமெண்டுத் தரையில் ஒரு கோணியை விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

வார்டு டாக்டர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தாய்மொழிக்குப் போய்விடுவார், என்னிடம் பெரும்பாலும் கன்னடத்தில்தான் பேசினார். வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். நான் இழுத்ததும் உள்ளே ஏதோ அவர் விரலில் வந்து முட்டியது எனக்கே தெரிந்தது. அதுதான் ஈரலாம். விலாவுக்குள் ஒளிந்திருக்க வேண்டிய சாமான் வீங்கி வெளியே வந்துவிட்டது. அது ரத்தத்தைச் சுத்தம் செய்யாததால் கண் மஞ்சள். அதன் வழியாகப் போக வேண்டிய ரத்தம் தேங்கியதால் வயிற்றில் நீர் கட்டிப் பிள்ளைத்தாச்சி வயிறு. குடித்தவன் சரியாகச் சாப்பிடாததால் சத்துப் போய், கால் நரம்பு செத்துப் பாதம் மரத்துப் போனது. இவ்வளவையும் டாக்டர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "என்ன குடிச்சே?" என்று கேட்டார்.

"சாராயம் சார்."

"வேற? ஸ்பிரிட், கிரிட்?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல சார்."

இது பொய். ஏன் பொய் சொன்னேன் என்பதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். நான் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவன். மனிதரில் மேல் கீழ் இல்லை என்று என் அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாதாடுவார். ஆனால் குடிகாரர்களுக்குள் இருக்கிற மேல் கீழை நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். பிராந்தி குடிக்கிறவன் உச்சியில். பட்டைச் சாராயம் குடிக்கிறவன் நடுவில். பாலிஷுக்கு வாங்கி வைத்த ஸ்பிரிட்டைக் குடிக்கிறவன் அடியிலும் அடி, அவனைப் பட்டை குடிக்கிறவன்கூடப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டான். அதை எப்படிக் குடிக்கிறார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, தெரிந்து உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கடைசி வருஷங்களில் நான் குடித்ததில் பாதிக்குமேல் அதுதான். சாகக் கிடந்தபோதும் என் அந்தஸ்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

சேர்ந்த மறுநாள் எனக்கு ஜன்னி கண்டது. பல வருஷம் குடியிலேயே ஊறிய உடம்புக்குத் திடீரென்று அது கிடைக்காமல் போனால் மூளை மிரண்டு போகுமாம். கை கால் வெட்டும், வியர்வை கொட்டும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பாம்பு, பூரான் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது ஒரு துரை. வார்டில் இருந்த இரும்புக் கட்டில் அத்தனைக்கும் பொழுது சாய்வதற்குள் பாலிஷ் போட்டு முடி என்று அவர் தலைமாட்டில் நின்று விரட்டினார். நான் பக்கத்துக் கட்டில்காரரின் காலை உப்புத்தாளால் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு விரலால் தேய்த்தேனாம். அவர் போட்ட கூச்சலில் என்னைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். அப்புறம் ஓர் ஊசி. பாரால்டிஹைட் என்று பெயர், தூங்க வைக்கிற மருந்து. அதன் நாற்றம் மூச்சிலேயே வரும். எனக்கு அதைப் போட்டால் வார்டு முழுக்க மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஜன்னி விட்ட பிறகும் அந்த நாற்றம் போக நாளாயிற்று.

அந்த நாற்றத்தோடு நான் கிடந்தபோதுதான் வேதவல்லி அம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் புடவை, ஆண்பிள்ளைக் குடை, மூக்கில் நிற்காத மூக்குக்கண்ணாடி. மூன்று தலைமுறைக்கு முன்னால் மைசூர் மகாராஜா உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட ஐயங்கார் குடும்பம். பம்பாய்க்குப் போய் சமூக சேவைக்கென்று படித்துவிட்டு வந்து, இந்த ஆஸ்பத்திரியில் குடி நோயாளிகளோடு பேசுவதற்கென்று சம்பளத்தில் சேர்ந்தவர். அப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"மாணிக்கம்தானே? இன்னிக்கு ஏதாவது சாப்ட்டேளா?"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. என்னைத்தான் கேட்டார். போலீஸ்காரனில் இருந்து கக்கூஸ் கழுவுகிறவன் வரை எல்லோரும் என்னை வாடா போடா என்று கூப்பிட்டு, அதுவே என் பெயர் மாதிரி ஆகியிருந்த காலம் அது. அந்த அம்மா நீங்கள், உங்கள் என்று பேசியதும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. மதம் மாற்றுகிற ஆளோ, சத்தியம் வாங்குகிற ஆளோ என்று நினைத்தேன்.

சத்தியத்தில் எனக்கு நல்ல அனுபவம். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிச் செய்திருக்கிறேன். தர்காவில் செய்திருக்கிறேன். எங்கள் விகாரையில் புத்தருக்கு முன்னால் ஐந்து சீலத்தையும் சொல்லி, குடியைப் பற்றிய ஐந்தாவதை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். எல்லாச் சத்தியமும் அன்றைக்கு உண்மை. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உண்மை.

வேதவல்லி அம்மா சத்தியம் கேட்கவில்லை. எழுந்து நடக்கிற தெம்பு வந்ததும், பின்பக்க வராந்தாவுக்கு மத்தியானம் வரச் சொன்னார். அங்கே ஐந்தாறு பேர், எல்லோரும் வீடு வாசல் இல்லாதவர்கள், எல்லோரும் குடித்துச் சேர்ந்தவர்கள். ரயிலடியில் மூட்டை தூக்குகிற சூசை என்பவர் அம்மாவின் காலில் விழப் போய், "மாதா மேல ஆணை, இனிமே தொட மாட்டேம்மா" என்று ஜெபமாலையைக் கையில் எடுத்தார்.

அம்மா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பேடாப்பா, பேடா. ஆணையெல்லாம் வேண்டாம். இனிமேங்கறது ரொம்ப நீளம் சூசை, எனக்கே அவ்வளவு தூரம் தெரியாது. இன்னிக்கு உங்களை வெளியே விட்டா, சாயங்காலம் எங்கே இருப்பேள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

சூசை விழித்தார். "ஸ்டேஷனாண்ட தாம்மா."

"ஸ்டேஷன்லே எங்கே? யார் பக்கத்திலே? அப்போ கையிலே கூலி இருக்குமா? பசி இருக்குமா?"

இப்படியே கேட்டுக்கொண்டு போனார். சூசை முதலில் முணுமுணுத்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு அழுதார். அழுதுகொண்டே, கூலி கையில் விழுகிற நேரமும் பசிக்கிற நேரமும் ஒன்றாக இருப்பதையும், கூலி கொடுக்கிற மேஸ்திரி சாராயச் சந்தின் முனையில் நின்றுதான் கொடுப்பான் என்பதையும் சொன்னார். அம்மா அடுத்த நாளே அந்த மேஸ்திரியைப் போய்ப் பார்த்து, சூசைக்கு மட்டும் ஸ்டேஷன் உள்ளே, அதுவும் சாப்பிட்ட பிறகு கொடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். உபதேசம் என்று ஒரு வார்த்தை நான் அவர் வாயில் கேட்டதில்லை. குடி கெடுதல் என்று எங்களுக்குச் சொல்ல அவர் படித்திருக்க வேண்டியதில்லை, எங்கள் வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

என் முறை வந்தது. மார்க்கெட் பின்புறம், மூன்றாவது கடை வாசல் என்றேன். அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து வந்து, குடையைக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "நேத்து அந்த வாசல்லே போய் உக்காந்து பாத்தேன், மாணிக்கம். இருட்டற வரைக்கும் இருந்தேன். உங்க படுக்கையிலேர்ந்து சாராயச் சந்து நேராத் தெரியறது. போறவா வரவா எல்லாம் உங்களைத் தாண்டித்தான் போறா. அந்தக் குளிர்லே, அந்த வாசனையிலே, நானா இருந்தாலும் எழுந்து போயிருப்பேன்."

ஒரு ஐயங்கார் வீட்டு அம்மா என் கோணியில் உட்கார்ந்து என் கண்ணால் அந்தச் சந்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்னைத் திட்டினவர்கள் உண்டு, பரிதாபப்பட்டவர்கள் உண்டு. நானா இருந்தாலும் என்று சொன்னவர் அதுவரை யாரும் இல்லை.

வயிற்று நீரை எடுக்கிற நாள் வந்தது. தொப்புளுக்குக் கீழே மரத்துப் போக ஓர் ஊசி, பிறகு பென்சில் தடிமனில் ஒரு குழல் ஊசி. அதை உள்ளே இறக்கி, ரப்பர் குழாயை மாட்டி, கீழே எனாமல் வாளியில் விடுவார்கள். வலியைவிடப் பயம்தான் அதிகம். மஞ்சளாக நீர் கொட்டுகிற சத்தம் கேட்கும்போது, நம்மை இப்படியே வடித்துவிடுவார்களோ என்று தோன்றும். அவசரப்பட்டு எடுத்தால் மயக்கம் வருமாம், அதனால் மெதுவாக, மணிக்கணக்கில் எடுத்தார்கள். அவ்வளவு நேரமும் அக்கா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அக்காவுக்குச் சொல்லி அனுப்பியது வேதவல்லி அம்மாதான். முதல் நாள் வந்தபோது அக்கா என்னோடு பேசவில்லை. தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கஞ்சியும் இரண்டு சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டாம் நாள் சீப்பு கொண்டுவந்து, சிக்குப் பிடித்த என் தலையைப் பிடித்து அழுத்தி வாரினாள். வாரினாளா, அடித்தாளா என்று சொல்ல முடியாது. அன்றைக்கு நீர் எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"நல்லா வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மாமாகிட்ட பேசினேன்" என்றாள்.

"இன்னா சொன்னாரு?"

"குடிகாரனுக்கு வூட்ல எடம் இல்ல. வேலைக்குப் போற ஆம்பளையா வந்தா பாக்கலாம்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. அதுவே பெருசுடா, மூணு வருஷமா உன் பேர எடுத்தா எழுந்து போயிடுவாரு."

அன்றைக்கே டாக்டரும் வந்து என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நோடு, இங்க பாரு, இந்தத் தடவை ஈரல் கொஞ்சம் தேறும். இன்னொரு தடவை குடிச்சிட்டு வந்தா இங்க வர வேண்டாம், நேரா சுடுகாட்டுக்குப் போ" என்றார். டார்ச் ஏன் அடித்தார் என்று எனக்குத் தெரியும். கெட்ட ஸ்பிரிட் குடித்தால் கண் போகும். எங்கள் தொழிலில் அப்படிக் கண் போனவனை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே விடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், கட்டிலைத்தான் கேட்பார்கள். கட்டில் போனால் மறுபடி மூன்றாவது கடை வாசல். அந்த வாசலுக்குப் போனால் எத்தனை நாள் தாங்குவேன் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அப்போதுதான், அக்கா கஞ்சி கொண்டுவந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், அம்மா ஓடாத குறையாக வார்டுக்குள் வந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. "மாணிக்கம், ஆயித்து! வேலை கிடைச்சாச்சு. உங்க தொழிலே. கமர்ஷியல் தெருவுக்குப் பின்னாலே ஒரு பாய் ஃபர்னிச்சர் கடை வெச்சிருக்கார். பாலிஷ் போட நல்ல கை வேணுமாம். படுத்துக்கவும் அங்கேயே மச்சு இருக்கு, ராத்திரி காவலுக்கும் ஆச்சுன்னார். குடிச்சிண்டிருந்தவர்னு முதல்லேயே சொல்லிட்டேன். நாலு நாள் வாதாடி ஒத்துக்க வெச்சேன்."

வேலை, கூரை, அக்கா வீட்டு வாசற்படி, மூன்றும் ஒரே பேச்சில். அக்கா அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஸ்பிரிட் டின்களோடு ஒரே அறையில் படுக்கப் போகிறோம் என்று என் மனசு குதித்தது. அம்மாவுக்குப் பாலிஷ் என்றால் ஏதோ மெழுகு, எண்ணெய் என்று நினைப்பு. அவர் வீட்டில் பாலிஷ் போட்ட நாற்காலி இருந்திருக்கும், போடுகிறவன் கையில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்? சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன், அக்காவைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். வேலைக்குப் போக உடம்பு வணங்காத குடிகாரன் சாக்குச் சொல்கிறான் என்றுதானே மாமா சொல்வார்?

ஆளை அனுப்புகிற இடத்துக்குக் கூடவே போய் விட்டுவிட்டு வருவது அம்மாவின் வழக்கம். மறுநாள் என் மூட்டையோடு இருவரும் போனோம். பாய் நல்ல மனிதர். வெள்ளைத் தாடி, வெற்றிலை வாய். "ஆவோ, ஆவோ" என்று கூப்பிட்டு, பின்கட்டுக்கு அழைத்துப் போனார். வரிசையாக நாற்காலிகள். மூலையில் அரக்கு மூட்டை. பக்கத்தில் அதைக் கரைக்கிற ஸ்பிரிட், மூன்று பெரிய டின். "மேல மச்சு. ஜன்னல் கீது, காத்து வரும். ராத்திரி உள்ளாற தாப்பா போட்டுக்கோ" என்றார் பாய். மச்சில் ஒரு புதுப் பாய்கூட விரித்திருந்தார்கள்.

ஒரு டின்னின் மூடி சரியாக மூடவில்லை. அந்த வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, கஞ்சி டம்ளரை இரண்டு கையால் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நடுக்கம் சட்டென்று நின்றுவிட்டது. என் கையை நானே பார்த்தேன், பாலிஷ் போட்ட காலத்தில் இருந்த மாதிரி அசையாமல் நின்றது. அந்தக் கையை மூட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

அம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தார். "எல்லாம் சரியா இருக்கு. இப்போ சொல்லுங்கோ மாணிக்கம், சாயங்காலம் எங்கே இருப்பேள்?"

பதில் தெரிந்த கேள்வி என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"இங்கதாம்மா இருப்பேன்" என்றேன். "காலைல என்னைப் பொணமா எடுப்பாங்க."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த டின்னில் இருப்பதைத்தான் நான் குடித்தேன் என்றேன். சாராயம் என்று சொன்னது பொய் என்றேன். பட்டை குடிக்கிறவன் என்று பெயர் எடுக்க டாக்டரிடமே பொய் சொன்னேன் என்றேன். "எனக்கு மச்சு வேணும்மா. வேல வேணும். அக்கா வூட்டுக்குப் போவணும். ஆனா இங்க வுட்டுட்டுப் போவாதீங்கம்மா."

அம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நக்கோம்மா, உக்காராதீங்க! வார்னிஷ் ஈரம்!" என்று பாய் கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வெள்ளைப் புடவையில் பின்பக்கம் முழுக்கப் பழுப்புக் கோடு. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"எங்கே படுக்கறேள்னு கேட்டேன். யார் பக்கத்திலேன்னு கேட்டேன். என்ன குடிச்சேள்னு நான் கேக்கவேயில்லையே" என்றார்.

"டாக்டர் கேட்டாரும்மா. நான்தான் பொய் சொன்னேன்."

"அவர் கேட்டார். நான் கேக்கலை. என் தப்பு மாணிக்கம், மன்னிச்சுடுங்கோ."

கடைக்காரர் எதிரில், வேலைக்காரர்கள் எதிரில், அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குத் தரையில் புதைந்து போகலாம் போல் இருந்தது. பாய் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம பழைய ஆளுக்கு கண்ணு போனது இதால தான்மா. அவன் சொல்லல. இவன் சொல்லிட்டான்" என்றவர், டின்னின் மூடியை அழுத்தி மூடினார்.

வெளியே வந்தோம். வேலை இல்லை, கூரை இல்லை, மூட்டை மட்டும் கையில். அம்மா ஒரு ஜட்கா வண்டியை நிறுத்தி, "ஜோகுபாளையம்" என்றார்.

"வேணாம்மா. வேல இல்லாம போனா மாமா சேக்க மாட்டாரு."

"சேக்க மாட்டார்னா அதை அவர் வாயாலே கேட்டுட்டு வரலாம். ஏறுங்கோ."

அக்கா வீட்டுச் சந்தில் ஜட்கா நுழைந்ததும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாமா மில்லில் இருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் விரிக்கப் பாயைத் தேடினாள். அம்மா வெறும் தரையில் உட்கார்ந்து, "தாகமா இருக்கு அஞ்சலை, ஸ்வல்ப தண்ணி கொடுங்கோ" என்றார். அக்கா தயங்கினாள். அம்மா கையை நீட்டிக்கொண்டே இருந்ததால், சொம்பைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் நின்ற கூட்டம் அம்மா அதைக் கடைசி வரை குடித்து முடிப்பதைப் பார்த்தது.

பிறகு அம்மா நடந்ததைச் சொன்னார். அலங்காரம் ஒன்றும் இல்லை. எனக்காகக் கெஞ்சவும் இல்லை. வேலை கிடைத்தது, படுக்க மச்சும் கிடைத்தது, அந்தக் கடையில் இருப்பது இவர் குடித்த அதே ஸ்பிரிட், வேலை பார்த்துக் கொடுத்த எனக்கு அது தெரியாது, இவரே சொல்லி வேலையை வேண்டாம் என்றார், இப்போது இவருக்குப் போக இடம் இல்லை. இவ்வளவுதான்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி, வந்த வேலையையா வுட்டே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாசற்படிக்கு வெளியே, மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மாமா கால் கழுவின சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அக்கா விசும்ப ஆரம்பித்தாள்.

"அறிவு கெட்டவளே, எதுக்கு அழுவற?" என்றார் மாமா. "குடிக்கணும்னு நெனைக்கிறவனா இருந்தா, இந்த வேலையை வுட்டுட்டு வருவானா?"

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். வேதவல்லி அம்மாவும் பார்த்தார். மாமா சொம்பைக் கீழே வைத்தார். வாசற்படிக்கு வந்து, என் கையில் இருந்த மூட்டையைப் பிடுங்கி வீட்டுக்குள் வைத்தார்.

"இவனுக்கும் சேத்து ஒல வையி" என்றார்.